கடனில்லாமல் கடல் கடக்க

வெளிநாட்டு நிபுணர்களைச் சம்பளமும் கருவியும் கொடுத்து வைத்துக்கொண்ட ஊர் திருவனந்தபுரம். இன்று அதே ஊரிலிருந்து நர்ஸ்களும் பொறியாளர்களும் லட்சக்கணக்கில் கடன் வாங்கி விமானம் ஏறுகிறார்கள். அந்தச் செலவை யார் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஊரே விடை வைத்திருக்கிறது.

பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆண்டுக்கு இருமுறை, திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையம் சுமார் ஐந்து மணி நேரம் மூடப்படும். பத்மநாப சுவாமி ஆறாட்டு என்ற கடல் நீராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் நாள் அது. ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து கடலுக்குப் போய்த் திரும்பும்வரை எந்த விமானமும் இறங்காது, ஏறாது. 1932-ல் விமான நிலையம் தொடங்குவதற்கு முன்பே இருந்த வழி அது. அந்த வழியை இந்த ஊர் இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

லட்சுமி வராகர் கோயிலும் அதை ஒட்டிய பெரிய குளமுமாக இருக்கும் ஸ்ரீவராகம் என்ற பகுதிக்குப் பத்மநாப சுவாமி கோயில் இருக்கும் கோட்டையும் பக்கம், விமான நிலையமும் பக்கம். ஸ்ரீவராகம், வலியசாலை, கரமனை என்று கோட்டையைச் சுற்றியுள்ள பகுதிகளில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே புழங்குகின்றன. வேலை தேடி வந்தவர்களால் வளர்ந்த பகுதி இது. இப்போது வேலை தேடிப் போகிறவர்களின் பகுதியாகவும் இருக்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டு வாசல் திருவனந்தபுரம்தான். ஜெர்மன் படிப்பது, கடைசியில் விமானம் ஏறுவது எல்லாம் இங்கேதான்.

வெளிநாட்டு வேலை என்றதும் கட்டடத் தொழிலாளர்களின் துயரம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது பலமுறை எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதப்பட வேண்டும். இந்தக் கட்டுரை நர்சிங், பொறியியல், கணினி என்று முறையாகத் தொழில் கற்றுக்கொண்டு போகிறவர்களைப் பற்றியது. படித்தவர்கள்தானே, சமாளித்துக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள். அவர்கள் வாங்கும் கடன் பெரிது என்பதால் விழும் அடியும் பெரிது.

வந்தவர்களுக்கு இந்த ஊர் செய்தது

1741-ல் குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாசியஸ் டி லனாய். கைதியாக வந்தவருக்குப் போர்ப்பயிற்சியும் கோட்டை கட்டும் நுட்பமும் தெரியும் என்று மன்னர் மார்த்தாண்ட வர்மா கண்டுகொண்டார். தன் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். பிறகு டி லனாய் படைத்தலைவரானார். மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 1777-ல் இறந்த அவரது கல்லறை, தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் தானாக விரும்பி வந்தவர் அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அவரிடம் இருந்த திறமை வீணாகவில்லை. எதில் தேர்ந்தவரோ அந்த வேலையே அவருக்குக் கிடைத்தது.

அடுத்த நூற்றாண்டில் நிபுணர்கள் விரும்பியே வந்தார்கள். 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானியல் ஆய்வகம் அமைத்தார். அதன் இயக்குநரான ஜான் கால்டிகாட் ஐரோப்பாவுக்கே போய்க் கருவிகள் வாங்கி வந்தார். அவருக்குப் பின் 1852-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆலன் பிரவுன் பூமியின் காந்தப்புலத்தை அளப்பதில் தேர்ந்தவர். நகரத்து ஆய்வகம் போதாமல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் எழுப்பினார். ஊரின் அருங்காட்சியகம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கருவிக்கும் கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் பணம் கொடுத்தது திருவிதாங்கூர் கருவூலம்.

கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ் இளவரசர்களின் ஆசிரியராக வந்து, 1858 முதல் 1872 வரை திவானாக இருந்தார். அவர் காலத்தில், பொறியாளர் வில்லியம் பார்ட்டனின் மேற்பார்வையில் எழுந்த தலைமைச் செயலகக் கட்டடம் 1869-ல் திறக்கப்பட்டது. அதன் எதிரே மாதவ ராவின் சிலை நிற்கிறது. ‘ஸ்டாச்சு’ என்று பேருந்து நடத்துநர் கூவும் நிறுத்தம் அந்தச் சிலையால் பெயர் பெற்றது. நகரத்தின் மையம் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் நினைவில் அழைக்கப்படுகிறது.

இவர்களில் யாரும் வேலை கிடைப்பதற்காகத் திருவிதாங்கூருக்குப் பணம் கட்டவில்லை. திறமை தேவைப்பட்டவர் செலவு செய்தார், திறமை உள்ளவர் உழைத்தார். இந்த எளிய நியாயம் இன்று தலைகீழாகிவிட்டது.

போனவர்களின் கதை

கேரளத்திலிருந்து தொழில் படித்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் கடல் கடந்ததில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நர்ஸ்கள். 1960-களில் மேற்கு ஜெர்மனியின் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரள இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். பலருக்கு அங்கேதான் நர்சிங் பயிற்சியே கிடைத்தது. அவர்கள் அனுப்பிய மார்க் பணத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள், வீடுகள் எழும்பின. ஆனால் 1973-ல் ஜெர்மனி வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பலருக்குப் பணி அனுமதி நீட்டிக்கப்படவில்லை. ஆண்டுக்கணக்காக நோயாளிகளைக் கவனித்த பெண்கள், தேவை தீர்ந்ததும் திரும்பிப் போகச் சொல்லப்பட்டார்கள். அதே ஜெர்மனி இன்று மறுபடியும் கேரளத்தின் கதவைத் தட்டுகிறது. அந்தப் பழைய அனுபவத்தைப் போகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பிறகு வளைகுடா வந்தது. அதன் அளவை உலகுக்குச் சொன்னது திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வு. வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் 1998-ல் தொடங்கிய கேரள இடம்பெயர்வு ஆய்வு, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. 2023-ல் எடுத்த கணக்கின்படி கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த ஆண்டு அனுப்பிய பணம் ரூ.2,16,893 கோடி. 2018-ல் இது ரூ.85,092 கோடியாக இருந்தது. போனவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, அனுப்பும் பணம் இரண்டரை மடங்காகிவிட்டது. கூடுதல் சம்பளம் தரும் வேலைகளுக்குப் போகிறவர்கள் பெருகிவருவதும் இதற்கு ஒரு காரணம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வளைகுடா நாடுகளில் இருப்பவர்களின் பங்கு 89 விழுக்காட்டிலிருந்து சுமார் 80 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகி இரண்டரை லட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். படிப்பு விசாவில் போய் வேலை தேடிக்கொள்வதே இன்றைய இளைஞர்கள் பலரின் கணக்கு. அந்தக் கணக்கின் முதல் வரியில் பெரும்பாலும் ஒரு வங்கிக் கடன் இருக்கிறது.

ஏன் போகிறார்கள்? ஆசை என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். கேரளத் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் 2011-ல் சங்கம் அமைத்து, பல வேலைநிறுத்தங்கள் நடத்தி, உச்ச நீதிமன்றம்வரை பிரச்சினை போன பிறகுதான் 2018 ஏப்ரலில் மாதம் ரூ.20,000 என்ற குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க வாங்கிய கடனை அந்தச் சம்பளத்தில் அடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த வீடுகள் அறியும். இங்கே உரிய ஊதியம் கிடைத்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்கவர்கள் ஏராளம்.

சான்றிதழ் போகும் வழி

ஊசி போடுவதும் நாடி பார்ப்பதும் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு நாட்டில் நர்ஸ் என்று பதிவு பெற்றவர் இன்னொரு நாட்டில் இறங்கியதும் நர்ஸ் ஆகிவிடுவதில்லை. தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். இந்த நிரூபணத்துக்குத்தான் காலமும் பணமும் கரைகின்றன.

முதல் படி சான்றிதழின் உண்மைத்தன்மை. திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்காவின் மையத்தில் கேரளச் சான்றிதழ்களுக்கு மாநில அளவிலான முத்திரை கிடைக்கும். அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. போகும் நாடு, ஆவணங்களைப் பரஸ்பரம் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருந்தால் பெரும்பாலும் அது போதும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

இரண்டாவது படி தகுதி. வளைகுடாவுக்குப் போகும் நர்ஸ்கள் வாயில் ‘டேட்டாஃப்ளோ’, ‘ப்ரோமெட்ரிக்’ என்ற இரண்டு சொற்கள் ஓயாமல் வரும். படித்த கல்லூரியையும் வேலை பார்த்த மருத்துவமனையையும் நேரடியாகத் தொடர்புகொண்டு சரிபார்ப்பது முதலாவது. கணினியில் எழுதும் உரிமத் தேர்வு இரண்டாவது. பிரிட்டனுக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, இங்கிருந்தே எழுதக்கூடிய கணினித் தேர்வு, அங்கே போன பின் ‘ஆஸ்கி’ எனப்படும் செய்முறைத் தேர்வு. ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சான்றிதழை எடை போடுகிறது. இந்தியப் பாடத்திட்டத்தில் எது குறைகிறது என்று எழுத்தில் சொல்லும். அந்தக் குறையை மருத்துவமனைப் பயிற்சியாலோ ஒரு தேர்வாலோ ஈடுசெய்ய வேண்டும். ஜெர்மன் மொழியில் பி-2 நிலையையும் எட்ட வேண்டும். அதுவரை அவர் உதவியாளராகத்தான் வேலை பார்ப்பார்.

பொறியாளர்கள் கதையும் இதுதான். 2018-ல் குவைத், பொறியாளர்களுக்கு வேலை அனுமதி புதுப்பிக்க அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. அந்தச் சங்கம் இந்தியாவின் என்பிஏ தர அங்கீகாரம் உள்ள கல்லூரிகளின் பட்டங்களையே ஏற்றது. பல்கலைக்கழக இணைப்பும் ஏஐசிடிஇ அனுமதியும் உள்ள கல்லூரிகளில் படித்து, பல ஆண்டுகள் அங்கே பொறியாளராக இருந்தவர்கள் ஒரே உத்தரவில் திண்டாடிப்போனார்கள். தங்கள் கல்லூரி அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்காமல் இருந்ததன் விலையை மாணவர்கள் கொடுத்தார்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

அங்கீகாரம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் தெரியும். நோர்க்காவின் தொடக்க கால அறிவிப்புகளின்படி, ஜெர்மனிக்குப் போகும் நர்ஸுக்கு அங்கீகாரத்துக்கு முன் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,300 யூரோவாக இருந்தது. அங்கீகாரத்துக்குப் பின் 2,800 யூரோ. அதே ஆள், அதே வார்டு, 500 யூரோ வித்தியாசம். கடன் வாங்கிப் போனவருக்கு அந்த 500 யூரோதான் தவணை.

கடன் கட்டிப்போடும்

2014 ஜூனில் ஐஎஸ் படைகள் இராக்கின் திக்ரித் நகரைப் பிடித்தபோது, அங்குள்ள மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர், மற்றவர்கள் கேரளத்தவர். வெளியே குண்டு வெடிக்கிறது. ஆனாலும் திரும்பிவர அவர்களில் பலர் முதலில் தயங்கினார்கள். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. ஊரில் கல்விக் கடனும் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனும் காத்திருந்தன. ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் பத்திரமாக இறங்கினார்கள். நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. போர்க்களத்தைவிடக் கடன்காரரின் முகம் பயங்கரமாகத் தெரிந்த அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை.

அடுத்த ஆண்டே குவைத் நர்ஸ் வேலை ஊழல் வெளியானது. குவைத் சுகாதார அமைச்சகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் கொச்சி ஏஜென்சி ஒன்று, சட்டப்படி ரூ.19,500 வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு ரூ.19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் பதிந்தது. நூறு மடங்கு. குவைத்தில் நர்ஸுக்கு வேலை இருந்தது, நர்ஸிடம் திறமையும் இருந்தது. நடுவில் நின்றவர் வாசலுக்கே விலை வைத்தார்.

அந்த 2015-ல்தான் மத்திய அரசு, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் வேலையை அரசு நிறுவனங்களிடம் மட்டுமே ஒப்படைத்தது. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸும், 1977 முதல் இயங்கும் ஒடெபெக்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. தமிழகத்தில் 1978-ல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் பின்னர் சேர்ந்தது. மற்ற வேலைகளுக்கும் 1983-ன் குடிபெயர்வுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் ரூ.30,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும், என்ன பெயரில் கேட்கப்பட்டாலும், சட்டத்துக்கு வெளியே இருக்கும் ரூபாய். இதை அறியாமல் நிலத்தை விற்றவர்கள், நகையை அடகு வைத்தவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள்.

மோசடி புதுப்புது உருவம் எடுக்கிறது. ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’, ‘டேட்டா என்ட்ரி’ வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு வரவழைக்கப்பட்டவர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். கணினி தெரிந்தவர்களையே குறிவைத்த வலை அது.

வேறு வழி இருக்கிறது

கேரள அரசு 1996 டிசம்பர் 6 அன்று வெளிநாடுவாழ் கேரளத்தவருக்காகத் தனித் துறையே அமைத்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அதன் களப்பணி நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் 2002-ல் வந்தது. அந்த நிறுவனம் 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையோடும் ஜிஐஇசட் என்ற ஜெர்மன் ஒத்துழைப்பு நிறுவனத்தோடும் ‘டிரிபிள் வின்’ ஒப்பந்தம் செய்துகொண்டது. அனுப்பும் நாடு, பெறும் நாடு, போகிறவர் மூவருக்கும் நன்மை என்பது அதன் நோக்கம்.

இந்தத் திட்டத்தில் தேர்வாகும் நர்ஸ் எதற்கும் பணம் கட்டுவதில்லை. பி-1 நிலைவரை ஜெர்மன் மொழி கேரளத்திலேயே இலவசமாகக் கற்பிக்கப்படுகிறது. முதல் முயற்சியிலேயே தேர்வில் வென்றால் 250 யூரோ ஊக்கத்தொகையும் உண்டு. விசா, விமானச் சீட்டு, அங்கே போன பின் பி-2 பயிற்சி, அங்கீகாரத்துக்கான தேர்வு எல்லாம் திட்டத்துக்குள் அடங்கும். செலவு வேலை கொடுப்பவரின் கணக்கில். 2024 மார்ச்சில் பிரிட்டனின் வேல்ஸ் அரசும் மருத்துவப் பணியாளர்களை நேரடியாக எடுக்கக் கேரளத்தோடு ஒப்பந்தம் செய்தது.

திறமை தேவைப்படுபவர் செலவு செய்யட்டும் என்ற பழைய நியாயம் இங்கே திரும்பி வந்திருக்கிறது. அது கனவு அல்ல, ஒப்பந்தமாகக் கையெழுத்தாகிச் செயல்படுகிறது. ஒரு நாட்டால் முடியும் என்றால், ஒரு நாட்டின் மருத்துவமனைகளால் முடியும் என்றால், மற்றவர்களால் ஏன் முடியாது? பணம் கட்டாமல் வெளிநாட்டு வேலை கிடைக்காது என்று சொல்பவரிடம் காட்டுவதற்கு இப்போது ஆதாரம் இருக்கிறது.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. இடங்கள் குறைவு. தேர்வு, மொழிப் படிப்பு, காத்திருப்பு எல்லாம் சேர்ந்து நீளும். அவசரப்படும் குடும்பம் ஏஜென்டின் பக்கம் சாய்வது இதனால்தான். ஆகவே இத்தகைய ஒப்பந்தங்கள் பல மடங்கு பெருக வேண்டும். தமிழகத்தின் நர்சிங் கல்லூரிகளில் கடைசி ஆண்டிலேயே ஜெர்மனோ ஜப்பானியமோ இலவசமாகக் கற்றுத்தர வேண்டும். பட்டம் வாங்கியபின் தனியார் வகுப்புக்குக் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டிய நிலை ஒழிய வேண்டும்.

கதவுகள் திறக்கும், மூடும்

1990-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கிருந்தும் சென்னை, பெங்களூரிலிருந்தும் அமெரிக்கா போவதைப் பலர் இயல்பான அடுத்த படியாக எண்ணிவந்தார்கள். எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. குலுக்கலில் வென்று போனாலும் பச்சை அட்டைக்கு எந்த நாட்டவருக்கும் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டுகள் நீள்கிறது. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருந்து வரும் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. ஒரே இரவில் பலருடைய திட்டங்கள் கவிழ்ந்தன.

பிரிட்டனிலும் அப்படித்தான். முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று 2024 மார்ச்சில் விதி மாறியது. 2025 ஜூலை 22-ல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டாக உயர்ந்தது. நர்சிங் படித்துவிட்டு, பதிவுத் தேர்வுக்குக் காத்திருக்க முடியாமல் பராமரிப்புப் பணிக்குக் கடன் வாங்கிப் போனவர்கள் இந்த மாற்றங்களில் அதிகம் அடிபட்டார்கள். தன் படிப்புக்குக் கீழான வேலைக்குப் போவது விரைவான வழியாகத் தோன்றலாம். விதி மாறும்போது முதலில் மூடப்படுவது அந்த வழிதான்.

ஜெர்மனி எதிர்த்திசையில் போகிறது. 2024 அக்டோபரில் இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் முதல், புள்ளி அடிப்படையில் ஓராண்டு தங்கி வேலை தேடிக்கொள்ளும் ‘வாய்ப்பு அட்டை’யும் தருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் 1973-ஐ நினைவில் வைத்திருப்பவர், திறந்த கதவை நிரந்தரம் என்று எண்ண மாட்டார். எந்த நாட்டின் கொள்கையும் அந்த நாட்டின் தேவைக்காகவே எழுதப்படுகிறது. நம் கையில் நிலைத்திருப்பது நாம் முழுமையாகப் பெற்ற தகுதியும், நமக்கு இல்லாத கடனும்தான்.

கிளம்பும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

• ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேளுங்கள்.

• கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

• ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயர், அங்கீகாரத்துக்கு முன்னும் பின்னும் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

• விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவர் அங்கே உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

• உங்கள் பட்டத்தை அந்த நாடு ஏற்கிறதா, என்ன குறை சொல்லும் என்பதை இங்கிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே எழுத முடிந்த தேர்வை இங்கேயே எழுதிவிடுங்கள்.

• குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்கு ரூ.10 லட்சம் பாதுகாப்புத் தரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டாண்டுப் பிரீமியம் ரூ.275. அதை விட்டுவிடாதீர்கள்.

• எல்லா ஆவணங்களின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள்.

யார் கேட்க வேண்டும்?

நர்ஸைப் படிக்கவைத்தது ஒரு குடும்பம். அவருக்கு வார்டில் பயிற்சி கொடுத்தது நம் மருத்துவமனைகள். அந்த முதலீடு முழுவதையும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் பணக்கார நாடு, அவர் தன் வாசலுக்கு வந்து சேரும் செலவையாவது ஏற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஏற்றுக்கொண்ட மருத்துவப் பணியாளர் சேர்ப்பு நெறிமுறை, வெளிநாட்டிலிருந்து எடுக்கப்படுபவர்கள் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று சொல்கிறது. நியாயத்தின் முதல் படி, அவர் கடனாளியாக வந்து இறங்காமல் இருப்பது. கடன் இல்லாதவர் மோசமான வேலையை விட்டு விலக முடியும். குறைந்த சம்பளத்தை மறுக்க முடியும். போர் வெடித்தால் வீடு திரும்ப முடியும். கடனில் போனவருக்கு இந்த மூன்று உரிமையும் இல்லை.

அரசுகள் இன்னும் பல நாடுகளோடு செலவில்லா ஒப்பந்தங்கள் செய்ய வேண்டும். கல்லூரிகள் தங்கள் பட்டம் எந்த நாட்டில் செல்லும், எந்த நாட்டில் செல்லாது என்று சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிட வேண்டும். இங்கே இருந்தே வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு இருக்கும்படியான சம்பளம் வேண்டும். போவது ஒருவர் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், அவருக்கு விதிக்கப்பட்ட கட்டாயமாக இருக்கக் கூடாது.

இவை எல்லாம் நடக்கும்வரை குடும்பங்களிடமும் ஓர் ஆயுதம் இருக்கிறது. ‘எவ்வளவு கட்ட முடியும்?’ என்று கேட்டு ஒருவர் வீட்டுக்கு வருவார். ‘ஆள் தேவைப்படும் முதலாளி எவ்வளவு கட்டுகிறார்?’ என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். நல்ல வேலை கொடுப்பவருக்கு அந்தக் கேள்வியில் கோபம் வராது. பதில் சொல்லத் திணறுபவர் கொண்டுவந்த வேலை, உங்கள் பிள்ளையின் படிப்புக்கு உரிய வேலை அல்ல. பாஸ்போர்ட்டைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்துவிட்டு, அடுத்த வாய்ப்புக்குத் தயாராகச் சொல்லுங்கள்.